பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்ற நெட்வொர்க் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நஞ்சைக்கு உரிய நெல்லைப் புஞ்சையில் விதைத்துவிட்டு, விளையவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை. விதையிலும் குற்றமில்லை, நிலத்திலும் குற்றமில்லை, இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்தாமையே குற்றம். பழைய கம்ப்யூட்டர்களைப் புதியவற்றோடு இணைக்க முற்படுகிறவர்களுக்கு நேரிடும் இடையூறுகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

கூட்டுறவுச் சங்கங்கள், விதைப் பண்ணைகள், பெரிய தோட்டங்கள் ஆகியவற்றின் அலுவலகங்களில், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் இன்னும் இருப்பதுண்டு. புதிய யந்திரம் வந்த பின்னும் அதை அகற்ற ஒருவரும் துணிவதில்லை. காரணம் யாதெனில், விதை வழங்கிய கணக்கு, மழையளவு, மண் பரிசோதனை முடிவு, கடன் பேரேடு முதலியவை அதனுள்ளேயே தங்கியிருப்பதாகும். அவற்றை வெளியே கொண்டுவர இரு யந்திரங்களையும் இணைக்கவேண்டும். இணைப்பதற்கு இரண்டிற்கும் ஒத்துவரும் மென்பொருள் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சங்கக் காரியதரிசிகளும் பண்ணைக் குமாஸ்தாக்களும் தாமே அறிந்துகொள்ளும்படி விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

1. கண்கூடாகக் கண்ட ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணை அலுவலகத்திற்குச் செயல்விளக்க வேலையாக நான் சென்றிருந்தேன். அங்கே டாஸ் முறையில் இயங்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், பல பருவங்களில் குடியானவர்களுக்குக் கடனாக வழங்கிய விதையின் கணக்கு டிபேஸ் கோப்புகளாக இருந்தது. காகிதப் பேரேடுகளிற் பாதியைக் கரையான் அரித்துவிட்டது. ஆகவே, விதைக்கடனைத் திருப்பியவர் யார், திருப்பாதவர் யார் என்பதற்கு அந்த யந்திரமே சாட்சி.

அதை இணைக்க வந்த ஒருவர், பிற்கால யந்திரங்களுக்கென்று எழுதப்பட்ட பெரிய நெட்வொர்க் மென்பொருளை அதில் ஏற்றினார். அடுத்த முறை யந்திரத்தைத் திறந்தபோது, நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்புடன் கணக்குப் புரோகிராமே திறக்க மறுத்தது. பின்னர் அவர் புதிய கம்ப்யூட்டரின் காப்பு முறைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். அப்பொழுதும் இணைப்பு உண்டாகவில்லை. கடனைத் தீர்த்துவிட்ட முதியவர் ஒருவர் தம் பெயர் பாக்கியில் நிற்குமோ என்று வாசலிற் காத்திருந்ததை நான் மறக்கவில்லை. அக்கணக்கு எவ்வாறு மீட்கப்பட்டது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

2. இணைப்பின் நான்கு படிகள்

இரு யந்திரங்கள் பேசிக்கொள்வதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும். முதலாவது, நெட்வொர்க் கார்டு. இது கம்பியை ஏற்கும் உறுப்பு. இரண்டாவது, டிரைவர், இது கார்டை இயக்கும் சிறு மென்பொருள். மூன்றாவது, புரோட்டோகால், இது இரு யந்திரங்களும் பேசும் மொழி. நான்காவது, கோப்புகளை அனுப்பவும் பெறவும் பயன்படும் தொழிற் புரோகிராம்.

டிரைவர் கார்டுக்குப் பொருந்தவேண்டும்; புரோட்டோகால் டிரைவருக்குப் பொருந்தவேண்டும்; புரோகிராம் புரோட்டோகாலுக்குப் பொருந்தவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் மற்றவை வீணாகும். எனவே, இணைப்பு உண்டாகாதபோது எல்லாவற்றையும் ஒருசேர மாற்றாமல், கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

இவற்றுள் மொழியைப் பற்றிய முடிவே முக்கியமானது. 1990-களின் தொடக்கத்தில் நாவெல் கம்பெனியின் நெட்வேர் ஐ.பி.எக்ஸ். என்ற மொழியையும், மைக்ரோசாஃப்ட் முறைகள் நெட்பூயி என்ற மொழியையும் மிகுதியாகக் கையாண்டன. பிற்கால விண்டோஸ்களில் இவ்விரண்டும் இல்லை. ஆனால், 1981-இல் விதிமுறை வகுக்கப்பட்டு, 1983 ஜனவரி 1 முதல் ஆர்ப்பாநெட்டில் நடைமுறைக்கு வந்த டி.சி.பி./ஐ.பி. மட்டும் இன்றளவும் வழக்கில் நிற்கிறது. அதன் நான்காம் பதிப்பைப் பழைய யந்திரமும் பேசக்கூடும். புதிய யந்திரமும் அறியும். ஆதலால் இரண்டிற்கும் நடுவே பாலமாகக் கொள்ளத்தக்கது அதுவே.

3. தொடங்குமுன் செய்யவேண்டுவன

மென்பொருளைத் தேடுமுன், பழைய யந்திரத்தின் ஜாதகத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்க: பிராஸஸரின் வகை, நினைவகத்தின் அளவு, இயக்க முறையின் பெயரும் பதிப்பும், நெட்வொர்க் கார்டின் மேல் அச்சிட்ட பெயரும் எண்ணும். பயாஸ் அமைப்பில் வட்டைப் பற்றிக் காணும் எண்களையும் குறித்துவைத்தல் அவசியம். உள்ளேயிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துபோயின் யந்திரம் தன் வட்டின் அளவையே மறந்துவிடும். அப்போது இத்தாளே உதவும். பழைய வட்டைத் தேவையின்றிப் பலமுறை அணைப்பதும் ஏற்றுவதும் கூடா.

வட்டு ஐ.டி.இ. வகையாயின், அதைக் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றி ஒன்றின் வழியாகப் புதிய கம்ப்யூட்டரில் நேரே பிரதி செய்துகொள்ளவும் கூடும். இது இயலுமாயின் நெட்வொர்க்கே தேவையில்லை. மிகப் பழைய சிறு வட்டுகளைச் சில மாற்றிகள் அறிவதில்லை என்பதையும், கழற்றத் தெரியாதவர் கைவைத்தால் வட்டுக்கே சேதம் நேரலாம் என்பதையும் நினைவிற் கொள்க. அவ்வழி அடைபட்டவர்களுக்கே பின்வருவன.

4. டாஸ் யந்திரங்களுக்கு உரியவை

டாஸ் முறையில் சாதாரணப் புரோகிராம்களுக்கு உரிய நினைவகம் 640 கிலோபைட் அளவே. நிரந்தரமாக நினைவகத்தில் தங்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் அதிலிருந்து பங்கு கேட்கும். மைக்ரோசாஃப்டின் டாஸ் நெட்வொர்க் கிளையண்ட் 3.0 இத்தன்மையது. அது கணக்குப் புரோகிராமுக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்வதுடன், அதன் பழைய மறைச்சொல் முறையை இக்காலத்து விண்டோஸ் ஏற்பதுமில்லை. மேலே நான் கூறிய அலுவலகத்தில் நேர்ந்தது இவ்வகைத் தொல்லையே.

இத்தகைய யந்திரங்களுக்கு ஏற்றது பாக்கெட் டிரைவர் எனப்படும் சிறு டிரைவரும், அதன்மேல் இயங்கும் எம்.டி.சி.பி. என்னும் இலவச மென்பொருள் தொகுதியுமாம். பாக்கெட் டிரைவர் மிகச் சிறிதளவு நினைவகத்தையே எடுத்துக்கொள்ளும். எம்.டி.சி.பி.யின் புரோகிராம்கள் வேலை நடக்கும்போது மட்டும் நினைவகத்தில் இருந்து, முடிந்ததும் நீங்கிவிடும். 1981-இல் வெளிவந்த முதல் ஐ.பி.எம். பி.சி. வகையிலும் இத்தொகுதி இயங்கும்படி எழுதப்பட்டிருக்கிறது.

என்.இ.2000 வகைக் கார்டுகளும் அவற்றைப் பின்பற்றிச் செய்யப்பட்டவையும் அக்காலத்தில் ஏராளமாக விற்றன. இவற்றுக்கு டிரைவரை ஏற்றும்போது ஐ.ஆர்.க்யூ. எண்ணையும் கார்டின் முகவரியையும் சரியாகக் கொடுக்கவேண்டும். ஐ.ஆர்.க்யூ. 3 என்று கார்டு அமைக்கப்பட்டிருப்பின், அது இரண்டாவது சீரியல் போர்ட்டுடன் மோதும். இரண்டில் ஒன்றை மாற்றினாலன்றி வேலை நடவாது. டிரைவர் கிடைத்தும் கார்டு பேசாதபோது முதலிற் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

நெட்வொர்க் கார்டே இல்லாத யந்திரமாயின் சீரியல் போர்ட் உண்டா என்று பார்க்கவும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் தோன்றிய கெர்மிட் என்னும் புரோகிராம், சீரியல் கம்பியின் வழியே கோப்புகளைப் பிழை திருத்தி அனுப்பவல்லது. புதிய கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. சீரியல் மாற்றி ஒன்றைப் பொருத்துக. இரு முனைகளையும் நல்-மோடம் கேபிளால் இணைக்க வேண்டும். வேகம் குறைவு என்பது உண்மை. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு மெகாபைட்டை அனுப்ப ஏறக்குறைய 18 நிமிஷம் செல்லும். ஆயினும் ஒரு சங்கத்தின் பழைய கணக்குகள் சில மெகாபைட்டுக்கு மேற்படுவது அரிதாகலின், ஓரிரு மணி நேரப் பொறுமையே போதுமானது.

5. விண்டோஸ் யந்திரங்களுக்கு உரியவை

1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1-இல் டி.சி.பி./ஐ.பி. உடன் வரவில்லை. டிரம்பெட் வின்சாக் போன்றதொரு மென்பொருளைத் தனியே சேர்த்தே அதற்கு அம்மொழியைக் கற்பித்தனர். விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் 3.11-க்கு மைக்ரோசாஃப்டே பின்னர் டி.சி.பி./ஐ.பி.-32 என்ற இலவச இணைப்பை வழங்கியது. இவை டாஸின்மேல் இயங்குபவையாதலால், விண்டோஸைத் திறவாமல் டாஸிலேயே நின்று முன் சொன்ன முறையைக் கையாளுதல் எளிது.

விண்டோஸ் 95, 98, எக்ஸ்.பி. ஆகியவற்றிற்கு டி.சி.பி./ஐ.பி. உடனேயே வருகிறது. 95-இல் மட்டும் கண்ட்ரோல் பானலில் நெட்வொர்க் என்ற பகுதிக்குச் சென்று அதைச் சேர்க்கவேண்டியிருக்கலாம். இம்மூன்றிலும் எஃப்.டி.பி. என்ற கட்டளைப் புரோகிராமும் உண்டு. ஆதலால் கோப்புகளை வெளியே அனுப்புவதற்குப் புதிய மென்பொருள் எதையும் தேடவேண்டுவதில்லை. வீட்டிலிருக்கும் நல்ல விதையை விட்டுச் சந்தைக்கு அலைவதை ஒக்கும், பழைய விண்டோஸுக்கென்று எங்கெங்கோ மென்பொருள் தேடுவது. அவ்வாறு கிடைப்பவற்றிற் பல பழுதுற்றவையாகவோ வைரஸ் கலந்தவையாகவோ இருக்கக்கூடும்.

6. செய்யத் தகாதவை

புதிய விண்டோஸில் கோப்புப் பகிர்வு நடைபெறுவது எஸ்.எம்.பி. என்னும் முறையால். அதன் முதற் பதிப்பை மட்டுமே எக்ஸ்.பி.யும் அதற்கு முந்தியவையும் அறியும். இரண்டாம் பதிப்பு விஸ்டாவோடு வந்தது. இக்காலத்துக் கம்ப்யூட்டர் பழையதைக் கண்டுகொள்ளவில்லையென்றால், எஸ்.எம்.பி. முதற் பதிப்பைத் திறந்துவிடுங்கள் என்று சொல்லுகிறவர்கள் பலர். அந்த யோசனையை ஏற்கலாகாது.

2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீய மென்பொருள், அந்த முதற் பதிப்பிலிருந்த குறையின் வழியாகவே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிற் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு அது பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க வைத்திய நிலையங்கள் பலவற்றின் வேலை தடைப்பட்டது. குறையைத் தீர்க்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும், அதைச் சேர்க்காத யந்திரங்கள் வீழ்ந்தன. அதன்பின் 2017 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், எஸ்.எம்.பி. முதற் பதிப்பு புதிதாக நிறுவும்போது சேர்க்கப்படுவதில்லை. ஒரு பழைய யந்திரத்தின் பொருட்டுப் புதியதின் கதவைத் திறந்துவைப்பது, கடைமடை வயலுக்கு நீர் பாயவில்லையென்று ஏரிக்கரையை வெட்டுவதை ஒக்கும்.

இவ்வாறே வயர்லெஸ் இணைப்பிலும் ஜாக்கிரதை வேண்டும். பழைய வயர்லெஸ் கார்டுகள் பல டபிள்யூ.ஈ.பி. என்ற பலமற்ற காப்பை மட்டுமே அறியும். அதற்காக அலுவலக ரூட்டரின் காப்பைத் தாழ்த்தலாகாது. கம்பி இணைப்பே உசிதம்.

பழைய யந்திரத்தை இண்டர்நெட்டில் விடுவதும் தவறு. விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையிலும், எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. இக்காலத்து வலைத்தளங்கள் கேட்கும் புதிய மறைகுறியீட்டு முறைகளையும் அவற்றின் பழைய பிரௌசர்கள் அறியா. அபாயம் மிகுதி, பயன் சொற்பம்.

7. இணைக்கும் முறை

பழைய யந்திரத்தையும், ஒரு புதிய கம்ப்யூட்டரையும், விலை குறைந்த சிறு ஸ்விட்ச் ஒன்றையும் மட்டும் கொண்டு தனியான ஒரு நெட்வொர்க்கை அமைக்கவும். வேலை முடியும்வரை புதிய கம்ப்யூட்டரின் வயர்லெஸ் இணைப்பை நிறுத்திவைக்கவும். பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவது போன்றது இது.

பழைய கார்டுகளின் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். சாதாரணமான 10/100 ஸ்விட்ச் அவ்வேகத்தை ஏற்கும். மிக வேகமான புதிய ஸ்விட்ச்களிற் சில ஏற்பதில்லை. கார்டில் ஆர்.ஜே.45 துவாரமின்றி, உருண்டையான கோஆக்ஸியல் கேபிளுக்குரிய முனை மட்டும் இருப்பின், அதை ஸ்விட்ச்சில் நேரே பொருத்த இயலாது. கார்டையே மாற்றுதல் நலம்.

பிறகு வரிசையாகச் செய்யவேண்டுவன:

முதலாவது, பழைய யந்திரத்திற்கு 192.168.50.1 என்றும், புதியதற்கு 192.168.50.2 என்றும் ஐ.பி. முகவரி கொடுக்கவும். இரண்டிற்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே என்ற இடத்தை வெறுமையாக விடவும்.

இரண்டாவது, பிங் என்ற கட்டளையால் ஒன்று மற்றொன்றுக்குப் பதிலளிக்கிறதா என்று பார்க்கவும். புதிய விண்டோஸின் ஃபயர்வால் பதிலளிக்கத் தடைசெய்யக்கூடுமாதலால், புதியதிலிருந்து பழையதை நோக்கிச் சோதிப்பதே தெளிவு தரும். எக்ஸ்.பி.யின் ஃபயர்வாலும் அவ்வாறு தடுக்கலாம்.

மூன்றாவது, டாஸ் யந்திரமாயின், எம்.டி.சி.பி.யிலுள்ள எஃப்.டி.பி. சர்வரை அதில் இயக்கி, புதியதிலிருந்து ஃபைல்ஸில்லா போன்ற புரோகிராமால் கோப்புகளை எடுத்துக்கொள்ளவும். விண்டோஸ் 95, 98 அல்லது எக்ஸ்.பி. ஆயின், புதிய கம்ப்யூட்டரில் எஃப்.டி.பி. சர்வர் ஒன்றை அமைத்து, பழையதிலுள்ள எஃப்.டி.பி. கட்டளையால் கோப்புகளை அனுப்பவும். மறைகுறியீடில்லாத சாதாரண எஃப்.டி.பி.யை அச்சர்வர் ஏற்குமாறு அமைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடவேண்டும். எஃப்.டி.பி.யில் மறைச்சொல் மறைக்கப்படாமலே செல்லுமாகலின், வேறெங்கும் உபயோகிக்காத மறைச்சொல்லையே இதற்குக் கொடுக்கவும்.

நான்காவது, கோப்புகளை அனுப்புமுன் பைனரி முறைக்கு மாற்றிக்கொள்ளவும். எழுத்துக்கோப்பு முறையில் அனுப்பினால், வரி முடிவைக் குறிக்கும் எண்கள் மாற்றப்பட்டு, கணக்குக் கோப்பு கெட்டுப்போகக்கூடும். கோப்பு வந்து சேர்ந்ததுபோலவே தோன்றும். திறக்கும்போதே பழுது தெரியும்.

8. சரிபார்த்தல்

வந்து சேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றின் பைட் அளவையும் பழையதோடு ஒப்பிடவும். அதே கோப்புகளை வேறொரு கோப்புறையில் இரண்டாம் முறை பெற்று, விண்டோஸிலுள்ள எஃப்.சி. கட்டளையை பைனரி முறையில் இயக்கி, இரு பிரதிகளும் ஒன்றே என்று நிச்சயித்துக்கொள்ளவும். டிபேஸ் கோப்பிற்குக் குறிப்புகள் அடங்கிய துணைக்கோப்பு இருப்பின், அதையும் கூடவே எடுக்கவேண்டும். தமிழிற் பதிவு செய்த கோப்புகளாயின், அக்காலத்து எழுத்துருக் கோப்புகளையும் எடுத்துவைக்க மறக்கலாகாது. அவ்வெழுத்துரு இல்லாவிடில் பெயர்கள் பொருளற்ற குறிகளாகவே காணப்படும். கடைசியாக, கணக்கைத் திறந்து, இறுதிக் கூட்டுத்தொகை பழைய யந்திரத்தில் காணும் தொகையோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். இத்தனையும் ஒத்துவந்த பின்னரே பழைய யந்திரத்தை அணைக்கலாம்.

முன் சொன்ன அலுவலகத்தில், ஏற்றிய பெரிய மென்பொருளை முதலில் நீக்கினோம். கணக்குப் புரோகிராம் மறுபடியும் திறந்தது. பிறகு கார்டின் பெயரைப் பார்த்து, அதற்குரிய பாக்கெட் டிரைவரையும் எம்.டி.சி.பி.யையும் ஒரு ஃபிளாப்பியிற் கொண்டுவந்து ஏற்றினோம். புதிய கம்ப்யூட்டரின் காப்பைத் தளர்த்தியிருந்ததைப் பழையபடி மாற்றினோம். ஒரு பிற்பகலுக்குள் கோப்புகள் யாவும் வந்து சேர்ந்தன. வாசலில் இருந்த முதியவரின் பெயருக்கு எதிரே, அவர் நெல்லைத் திருப்பி அளந்த தேதியும் அளவும் இருந்தன. அவர் அதை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சென்றார்.

9. சுருக்கம்

(அ) பழைய யந்திரத்தின் சக்தியை அறிந்த பின்னரே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவும்.

(ஆ) கார்டு, டிரைவர், புரோட்டோகால், புரோகிராம் என்ற வரிசையிற் சோதிக்கவும்.

(இ) இரண்டிற்கும் பொதுவான டி.சி.பி./ஐ.பி.யையும் எஃப்.டி.பி.யையும் கைக்கொள்ளவும், கார்டில்லாவிடில் கெர்மிட்டைக் கையாளவும்.

(ஈ) பழையதின் பொருட்டுப் புதியதின் காப்பைத் தளர்த்தலாகாது.

(உ) தனி நெட்வொர்க்கில் மட்டுமே இணைக்கவும், இண்டர்நெட் ஆகாது.

(ஊ) பைனரி முறையில் அனுப்பி, சரிபார்த்து, இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைக்கவும்.

பழைய வட்டுகளுக்கு ஆயுள் எவ்வளவு என்று எவராலும் உறுதி கூற இயலாது. இடியும் ஈரமும் மின்சாரத் தடையும் மிகுந்த பருவமழைக் காலம் வருமுன் இவ்வேலையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பல குடும்பங்களின் வரவும் செலவும் நேர்மையும் அக்கோப்புகளில் அடங்கியிருக்கின்றன. அவற்றைக் காப்பதற்கு வேண்டிய செலவு ஒரு சிறு ஸ்விட்ச்சும், இரண்டு கேபிள்களும், ஒரு நாள் உழைப்புமே.